ஏழாம் வாசலில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

“பிடுங்கிச் சொருகுங்க சார்” என்றது மந்தி.

கரடி பெட்டியின் வயரைப் பிடுங்கியது. பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி சொருகியது. பெட்டி ஓர் இலையைத் துப்பியது. கரடி அதன் முதல் வரியைப் படித்தது.

“பின்னணிச் சேவையுடன் இணைக்க முடியவில்லை. அதேதான்.”

“அப்ப இன்னொரு தடவை பிடுங்குங்க.”

இது ஒரு காட்டில், வியாழக்கிழமை காலையில் நடந்தது. அந்தக் காட்டுச் சிங்கத்துக்குத் தன் மொழி தவிர வேறு மொழி தெரியாது. மற்றவர்களுக்குச் சிங்க மொழி தெரியாது. அதனால் குகை வாசலில் ஓர் அலுவலகமும் அதற்குள் ஒரு பெட்டியும் இருந்தன. பெட்டியின் முன்னால் யார் எதைச் சொன்னாலும் அது வாக்கியத்தைப் பிரித்து, யார், யாரை, என்ன செய்ய வேண்டும் என்று கண்டுபிடித்து, இரண்டு மொழியிலும் உரக்கச் சொல்லும். செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லவில்லை. கரடி அங்கே குமாஸ்தா. மந்தி, பெட்டியை விற்ற இடத்திலிருந்து வந்திருந்தது.

வரிசையில் இருபத்திரண்டாம் டோக்கனோடு ஒரு சருகுமான் நின்றது. சிங்கத்தின் உணவுப் பட்டியல் வாராவாரம் வேங்கை மரத்தில் ஒட்டப்படும். நாளுக்கு ஒருவர், உச்சிவேளைக்கு. ஒரு வயது நிறையாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. வியாழனுக்கு நேராகச் சருகுமானின் குட்டியின் பெயர் இருந்தது. குட்டிக்கு நாலு மாதம். பட்டியலில் நாலு வயது. சருகுமான் பட்டியலில் அந்த ஒரு வரியைத்தான் பார்த்தது. பார்த்ததும் ஓடிவந்து டோக்கன் வாங்கிவிட்டது.

அதற்கு முன்னால் இருபத்தோராம் டோக்கனோடு ஒரு கிழட்டு முள்ளம்பன்றி நின்றது.

“அண்ணே, நீங்க எப்ப வந்தீங்க?”

“செவ்வாய்க்கிழமை.”

“மூணு நாளாவா? சத்தம் போட்டுக் கேட்க வேண்டியதுதானே?”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, தாயி.”

குகைக்குள்ளிருந்து ஓர் உறுமல் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சருகுமான் கரடியின் மேசைக்குப் போயிற்று. “சார், உச்சிவேளைக்குள்ள சொல்லணும். என் குட்டிக்கு நாலு மாசந்தான்.”

“எங்கிட்ட சொல்லி என்னம்மா பண்ண? பெட்டி சொல்லணும்.”

“எங்க பக்கம் எல்லாம் சரியா ஓடுது” என்றது மந்தி. “பிரச்சினை உங்க பக்கம்தான்.”

“எங்க பக்கம்னா எது?” என்று கேட்டது கரடி.

“பெட்டிக்கு இந்தப் பக்கம்.”

தரையில் மூன்று நாள் இலைகள் குவிந்து கிடந்தன. சருகுமான் ஒன்றை எடுத்து முழுவதும் படித்தது. இரண்டாவது வரி இப்படி இருந்தது: ‘ஏழாம் வாசலில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.’

“ஏழாம் வாசல் எங்க சார் இருக்கு?”

“அது பின்பக்கம். நான் முன்பக்கம்” என்றது கரடி.

சருகுமான் முள்ளம்பன்றியிடம் வந்தது. “அண்ணே, என் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. பின்னால போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“அதை எதுக்குத் தோண்டிக்கிட்டு? தானா சரியாகும்போது ஆகட்டுமே.”

“உங்களுக்கு அவசரமில்ல. எனக்கு இருக்கே.”

முள்ளம்பன்றி அதன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தது. “சரி, போ. நான் பார்த்துக்கறேன்” என்றது.

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கம்பி பாறையைச் சுற்றிப் போயிற்று. சருகுமான் அதோடு நடந்தது. கம்பி முடிந்த இடத்தில், மேலே ‘7’ என்று எழுதிய ஒரு வளை இருந்தது. வளைக்கு வெளியே வெயிலில் முப்பது நாற்பது அழுங்குகள், செதில் போர்த்திய எறும்புதின்னிகள், ஒன்றன் பின் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. வளைக்குள் ஓர் அழுங்கு உட்கார்ந்திருந்தது. வாக்கியத்தைப் பிரிப்பது பெட்டி இல்லை, அழுங்குதான் என்று சருகுமானுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏற்பாடு எளிமையானது. பெட்டியைப் போட்டால் மணி அடிக்கும். ஓர் அழுங்கு வந்து வளைக்குள் உட்காரும். பொத்தானை அழுத்தி அணைத்தால் இன்னொரு மணி அடிக்கும். அழுங்கு வீட்டுக்குப் போகும். ஆனால் பொத்தானை அழுத்தினால் பெட்டி சிங்க மொழியில் ஏதோ கேள்வி கேட்கும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியாததால், செவ்வாய்க்கிழமையிலிருந்து வயரைப் பிடுங்குவது அந்த அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. பிடுங்கினால் இரண்டாவது மணி அடிக்காது. உள்ளே இருப்பது எழாது, அடுத்த மணிக்கு வருவது வெளியே காத்துக்கிடக்கும், புதிதாக ஒன்று உள்ளே உட்காரும்வரை பெட்டி இணையாது.

“நீங்க கிளம்பலாமே. உங்க பெட்டி செவ்வாய்க்கிழமையே அணைஞ்சு போச்சு” என்றது சருகுமான்.

“எனக்கு மணி வரலியே.”

“அது இனிமே வராது. உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?”

“இருக்கு. குட்டியும் இருக்கு, முதுகுல ஏறிக்கிட்டே திரியும். பார்த்து மூணு நாளாச்சு. அதுக்காக? உத்தரவில்லாம எழுந்திருக்க முடியுமா?”

சருகுமான் யோசித்தது. பிறகு தன் டோக்கனை நீட்டியது. “உத்தரவுதான் கொண்டுவந்திருக்கேன்.”

அழுங்கு டோக்கனிலிருந்த சிங்க முத்திரையை மோந்து பார்த்தது. எண்ணைப் படிக்கவில்லை. “இதை முதல்லயே காட்டக் கூடாதா?” என்று வெளியே வந்து, உடம்பை உதறிக்கொண்டு, வேகமாகப் போய்விட்டது. வரிசையில் முதலில் இருந்தது சுருள் பிரிந்து உள்ளே நுழைந்தது.

சருகுமான் ஓடிவந்தபோது பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நான் சொல்லல? பிடுங்கிக்கிட்டே இருந்தா வரும்” என்றது மந்தி.

சருகுமான் பெட்டியின் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தது. கரடி கையைக் காட்டித் தடுத்தது. “வரிசைல போம்மா. நிலுவைல இருக்கிறதுதான் முதல்ல.”

அன்றைக்கு யார் உணவு என்பதைக் கரடி தினமும் காலையில் பெட்டியிடம் படிக்கும். மூன்று நாளாகப் படித்தது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சிங்கம் விதிப்படி நடப்பது. பெயர் சொல்லப்படாத யாரையும் அது தொடாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து காட்டில் யாரும் சாகவில்லை. சாகாதவர்கள் புகார் கொடுப்பதில்லை என்பதால் இதை யாரும் கவனிக்கவில்லை.

“செவ்வாய்” என்றது பெட்டி. “முள்ளம்பன்றி. வயது ஒன்பது.”

குகைக்குள் உறுமல் நின்றது.

முள்ளம்பன்றி தன் டோக்கனைக் கரடியிடம் கொடுத்தது. கரடி அதைத் துடைத்து, மறுபடி கொடுக்க வேண்டிய டோக்கன்களோடு வைத்தது.

“அண்ணே” என்றது சருகுமான்.

“உன் இடம் அப்படியே இருக்கு, தாயி. யாரையும் நுழைய விடல” என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி உள்ளே போயிற்று. அதிக நேரம் ஆகவில்லை.

“புதன்” என்றது பெட்டி.

புதனுக்கு அடுத்தது வியாழன். சருகுமானின் மனு இருபத்திரண்டாவது. கரடி டோக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தது. மந்தி வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கத் தாளைத் தேடிக்கொண்டிருந்தது. சருகுமான் மேசைக்கு அடியில் தலையை விட்டு, வயரைப் பல்லால் கவ்வி இழுத்தது. பொத்தானை அழுத்தவில்லை.

விளக்கு அணைந்தது.

“மறுபடியும் போச்சா?” என்று கரடி வயரை எடுத்துச் சொருகியது. பின்பக்கம் ஓர் அழுங்கு வந்து வரிசையின் கடைசியில் சுருண்டுகொண்டது. பெட்டி ஓர் இலையைத் துப்பியது. கரடி முதல் வரியைப் படித்தது.

“எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு” என்றது மந்தி.

“யாரும் கலையாதீங்க. அவங்கவங்க இடத்துல நில்லுங்க” என்றது கரடி.

உறுமல் மறுபடி ஆரம்பித்தது. சருகுமான் வரிசைக்குத் திரும்பிவந்தது. தனக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தது. ஓரடி நகர்ந்து அங்கே நின்றுகொண்டது.

நீதி: பிழைச் செய்தியை முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளவும். இரண்டாவது வரியைப் படிப்பவரால் வரிசையில் முன்னால் நிற்பவருக்கு ஆபத்து.