முன் சீட்டில் அரிசி மூட்டை

கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், பெண்டாட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, ஒரு மூட்டை அரிசியை ஸ்போர்ட்ஸ் காரின் முன் சீட்டில் உட்காரவைத்துத் தலை தீபாவளிக்குப் போனவன் நான். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி ஆறுவதற்குள் இந்தக் கதையைக் கேட்டுவிடுவார்கள் என்பதால், நானே ஒருமுறை எழுதிவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். (முன் சீட்டு என்பதுகூடப் பெருமைக்குத்தான். அந்தக் காரில் பின் சீட்டே கிடையாது.)

அப்போது நான் கோலாலம்பூரில் ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. ரப்பர் விலை படுத்துவிட்ட சமயம் அது. தோட்டத்துத் துரைமார் பலர் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அப்படிப் போன ஒருவர் கழித்துக்கட்டிய சிவப்புக் கார், சைக்கிள் வாங்கப் போன என் தலையில் வந்து விடிந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரைக்குப் பதில் ஒரு கித்தான் துணி. அதை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். சாமான் வைக்க ஒரு சாண் இடமில்லை. ஓட்டினால் எழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நிறுத்தினாலோ, மறுபடி ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்தக் காரில்தான் நான் தினம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். நடந்தால் ஐந்து நிமிடம். காரில் போனால், கிளப்பும் நேரத்தையும் சேர்த்து, முக்கால் மணி. கீரைக்கட்டில் பாதி வழியிலேயே காற்றோடு போய்விடும். மீன் வாங்கினால் பவளம் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பவளம் என் மனைவி. அவள் இதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது.

"என்னங்க, தீபாவளிக்குக் கிள்ளானுக்குப் போறப்ப, எங்க தெருவுல நான் கார்ல வந்து இறங்கணும். எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

"இது ஒரு விஷயமா! ராணி மாதிரி இறங்கலாம்" என்றேன்.

அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. மாமனாருக்குக் கடிதம் எழுதும்போது, "நம்மிடம் மோட்டார் இருக்கும்போது தாங்கள் எதற்கும் அலைய வேண்டாம். பண்டிகைக்கு வேண்டிய சாமான் எதுவானாலும் எழுதுங்கள், கொண்டு வருகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். என் மாமனார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவர். அவர் கண்ணுக்கு வண்டி என்றால் சரக்கு வண்டிதான். மறு தபாலில் பட்டியல் வந்தது. ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் நல்லெண்ணெய், இருபது தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், வெல்லம், பெரிய பூசணிக்காய் ஒன்று.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் இவ்வளவையும் காரில் ஏற்றினேன். தேங்காய் காலடியில், எண்ணெய் டின் கதவோரம், வாழைத்தார் ஸ்பேர் டயரோடு சேர்த்துக் கட்டியாயிற்று. அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இருந்தது ஒரே ஓர் இடம். பவளம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எங்க உக்காருறது?"

"நீ ரயில்ல வந்துடு. நான் முன்னாடியே போய் எல்லாத்தையும் இறக்கிட்டு ஸ்டேசனுக்கு வந்துடுறேன். அங்கேருந்து நாம ரெண்டு பேரும் கார்ல தெருவுக்குள்ள போவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

"நிச்சயமா வருவீங்களா?"

"சத்தியமா!"

அவள் நம்பினாள். (புதுப் பெண்டாட்டி. அனுபவம் போதாது.) தன் தீபாவளிச் சேலை ரயில் கூட்டத்தில் கசங்கிவிடும் என்று அதை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். பச்சைப் பட்டு. ஆக, சேலை காரில், சேலைக்காரி ரயிலில்.

பிரிக்ஃபீல்ட்ஸைத் தாண்டியதுமே அரிசி மூட்டை தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு வளைவிலும் ஆசையாக என் தோளில் சாய்ந்தது. ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு மறு கையால் ஓட்டினேன். பூசணிக்காய் காலடியில் நிற்காமல் உருண்டு பிரேக்குக்கு அடியில் போனது. எடுத்து மூட்டையின் மேல் வைத்தேன். பாதி வழியில், பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் டயர் பஞ்சரானது. அதை மாற்றி முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கிளம்பும்போது மூட்டையையும் பூசணிக்காயையும் சேர்த்துக் கட்டக் கயிறு தேடினேன். கயிறு வாழைத்தாரில் இருந்தது. கைக்கு எட்டியது பச்சைப் பட்டு.

என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தச் சேலையால் பூசணிக்காயை மூடி, மூட்டையைச் சுற்றி, சீட்டோடு இழுத்துக் கட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு மூட்டை என்மேல் சாயவே இல்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று, "வணக்கம் தங்கச்சி" என்று மூட்டையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கிள்ளான் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். ரயில் எப்போதோ வந்திருக்கும். சாமானை இறக்காமல் பவளத்தை ஏற்ற முடியாதே என்று நேராக மாமனார் வீட்டுக்கே விட்டேன். கார் வரும் சத்தம் கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார் அத்தை. மத்தியானத்திலிருந்து அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவர். புகையில் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. மகள் தலைகுனிந்து முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அடக்கத்தைப் பார்த்து அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

"அத்தே, அது அரிசி!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் என் காதுக்கே கேட்கவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே, ஸ்டேசனுக்குப் போக வேண்டுமே என்ற கவலையில் இன்ஜினை நிறுத்தவும் மனம் வரவில்லை. இறங்கித் தடுக்கலாம் என்றால், வழியில் சரிந்துவிட்ட எண்ணெய் டின் என் பக்கத்துக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டு மூன்று சுற்று சுற்றி முடிந்தது. நம் ஜனங்கள் மனிதனுக்குத் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காயைச் சுற்றுவார்கள். பூசணிக்காய்க்கே சுற்றிய பெருமை எங்கள் வீட்டுக்குத்தான் உண்டு. அத்தை ஆரத்தியைத் தொட்டு, முக்காட்டை விலக்கி, நெற்றியில் பொட்டு வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, சொல்லிவைத்தாற்போல் இன்ஜின் தானாக நின்றது. தெரு முழுக்கக் கேட்கும்படி அத்தையின் குரல்:

"ஏண்டி, உடம்பு இப்படிச் சில்லுன்னு இருக்கு!"

பொட்டு வைத்த பூசணிக்காய் மெல்ல உருண்டு அவர் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அத்தை போட்ட அலறல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதே சமயம் பின்னால் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. ஸ்டேசனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் பவளம் வந்து இறங்கினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காரைப் பார்த்தாள். செம்மண் புழுதி அப்பிய தன் பட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் நிதானமாகக் கேட்டாள்:

"ஏம்மா, ஆரத்தி மிச்சம் இருக்கா? இல்ல, அக்காவுக்கே முடிஞ்சு போச்சா?"

தெரு சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் அரிசிக்குக் கொடுத்துவிட்டேனே என்று இராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தேன்.

தீபாவளி விடிந்ததும், எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, "வா, இப்ப கார்ல தெருவைச் சுத்தி வருவோம்" என்று அவளைக் கூப்பிட்டேன். ஹேண்டிலைச் சுற்றினேன். மைத்துனர்கள் சுற்றினார்கள். மாமனாரும் ஒரு கை பார்த்தார். கார் அசையவில்லை.

"மாப்பிள்ளை, இதைத் தள்ளத்தான் முடியும்" என்றார் மாமனார்.

தள்ளினேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைத்துனர்கள் இரண்டு பக்கமும் கைகொடுக்க, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளினேன். நான் தள்ளினால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? பவளம்தான் பிடித்தாள். ஓரத்தில் செம்மண் கறை போகாத பச்சைப் பட்டோடு, ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தச் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டே போனாள். கார் ஓடியிருந்தால் அரை நிமிடத்தில் தாண்டியிருக்கும் தெரு. அரை மணி நேரம் ஆயிற்று. கோடிக்குப் போனதும் திரும்பிப் பார்த்தாள். நான் நாக்குத் தள்ளி நின்றிருந்தேன்.

"இன்னொரு சுத்து போகலாங்க" என்றாள். கோபம் போய்விட்டது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

காரை அடுத்த மாதமே தள்ளிவிட்டேன். (இம்முறை வாங்கியவர் தள்ளிக்கொண்டு போனார்.) ஆனால் அரிசி மூட்டை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கடையிலிருந்து மூட்டை வந்து இறங்கினால், "அக்கா வந்தாச்சு, வழி விடுங்க" என்பாள் பவளம்.

எங்கள் வீட்டுக்கு மூன்று மருமகள்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் பவளம்தான் ஆரத்தி எடுத்தாள். தட்டைச் சுற்றும் முன் பெண்ணின் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளுவாள். பெண் "ஆ" என்றால்தான் தட்டு சுற்றும். கடைசி மருமகளின் அப்பா இதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் வழக்கம், சம்பந்தி?" என்று பணிவோடு என்னிடம் கேட்டார்.

"கிள்ளான் வழக்கம்" என்றேன். போன ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். மணப்பெண் வாசலுக்கு வந்ததும், அவர் சம்சாரம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்தியோடு கன்னத்தைக் கிள்ளினார்.