நாற்பது வினாடி மாமனார்

மாமனாரின் இடது தோளுக்குப் பின்னால் எவனோ ஒருவன் நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீடியோவை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த எவனோ அவரேதான்.

எழுபதாவது பிறந்தநாளன்று மாமனார் பதினெட்டு நிமிடம் பேசியிருந்தார். முன்வரிசைக் குழந்தைகளைச் சிரிக்கவைக்க, மாப்பிள்ளையும் பின்னால் நின்று அவரைப் போலவே தொண்டையைச் செருமி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஆள்காட்டி விரலால் சபையை மிரட்டியிருந்தார். பழைய கேமராவாக இருந்தால் ஏதோ நிழல் ஆடுகிறது என்று போயிருக்கும். மைத்துனனின் புதுக் கேமராவோ ஹெச்.டி. மாப்பிள்ளை கடைவாய்ப் பல் அடைத்திருப்பதுகூடத் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டிஸ்கா போட்டுக் கொண்டாந்துடுங்க மாப்பிள்ளை. பெரிய டி.வி.யில பாக்கணும்" என்று மாமனாரே மெமரி கார்டைக் கையில் கொடுத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். எந்தப் பதிவேட்டையும் தப்புக் கண்டுபிடிக்காமல் மூடியவரல்ல. பத்து வருடமாக மாப்பிள்ளையிடம் "வாங்க" மட்டுமே சொல்லிவந்தவர், போன மாதம்தான் "உக்காருங்க" என்பதையும் சேர்த்திருந்தார். அந்த நாற்காலி இப்போது ஆடியது.

"பேசாம அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் பாதியில நின்னா, உள்ள இருக்கறவங்ககிட்ட என்ன பழுதுன்னா சொல்லுவோம்? 'ரெண்டே நிமிஷம்'னு சொல்லிட்டு வேலையப் பாப்போம். நகரு."

முதலில் படத்தின் தரத்தைக் குறைத்தார். மாமனாரின் முகம் செங்கல் செங்கலாகப் பிரிந்தது. ஆடும் விரல் மட்டும் அசராமல் நின்றது. வேறு எதுவும் தெளிவாக இல்லாததால் கண் நேரே அங்கேதான் போனது.

"எங்கப்பாவக் காணோம். உங்களத்தான் தெரியுது."

படத்தைப் பெரிதாக்கித் தன்னை ஓரத்துக்கு வெளியே தள்ளினார். தள்ளப்பட்டவர், மாமனாருக்கு வலப்பக்கம் இருந்த கண்ணாடி அலமாரியில் பிரதிபலித்து மறுபடி உள்ளே வந்தார், முன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

சரியென்று தன் உருவத்தின் மேல் ஒரு பூங்கொத்துப் படத்தை ஒட்டினார். தான் ஆடிய பக்கமெல்லாம் அதுவும் ஆட வேண்டியிருந்தது. மாமனார் "ஒழுக்கம்" என்றால் பூங்கொத்து குனிந்தது. "கட்டுப்பாடு" என்றால் விறைத்து நிமிர்ந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "பூங்கொத்து எங்கப்பாவ விட நல்லாப் பேசுதுங்க."

"சிரிக்காத. உங்கப்பா மாதிரி செய்யறது ஒண்ணும் லேசுப்பட்ட வேலையில்ல."

"அதையே அவர்கிட்ட சொல்லுங்கன்றேன்."

மாப்பிள்ளை வெட்டும் வேலையில் இறங்கினார். தான் தெரியும் இடத்தையெல்லாம் வெட்டினார். மாமனார் வாய் திறந்தபோதெல்லாம் இவரும் திறந்திருந்ததால், வெட்ட வெட்ட மாமனாரும் கூடவே போனார். மிஞ்சியது, மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கப் போயிருந்த நாற்பது வினாடி.

முதல் டிஸ்க் பாதி எழுதியதும் நின்றுவிட்டது. இரண்டாவது கணினியில் ஓடியது, டி.வி.யில் ஓட மறுத்தது. மூன்றாவது எல்லாவற்றிலும் ஓடியது, சத்தம்தான் இல்லை.

"இதையே குடுத்துட்டா என்ன?"

"எங்கப்பா சத்தமில்லாமயா? அவர்னே யாரும் நம்ப மாட்டாங்க."

நான்காவது டிஸ்க் ஒழுங்காக முடிந்தது. சாட்சி எதுவும் மிஞ்சக்கூடாதென்று மெமரி கார்டையும் கணினியில் இருந்த பிரதியையும் சுத்தமாக அழித்துவிட்டு, மாப்பிள்ளை கையைத் தட்டிக்கொண்டார்.

"பாத்தியா? லிஃப்ட் ஓடுது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமனார் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மாமனார் சலவைச் சட்டையில் நடுவில் இருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. இங்க, என் பக்கத்துல."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். டிஸ்க் சுழன்றது. திரையில் மாமனார் தொண்டையைச் செருமினார். கடிகாரத்துக்கு எல்லாரும் நேரம் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும் என்றார். நன்றி வணக்கம் என்றார். திரை இருண்டது.

மாமனார் ரிமோட்டை இரண்டு தடவை தட்டினார். எழுந்துபோய் டிஸ்கை வெளியே எடுத்து, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை?"

"தேவையில்லாததையெல்லாம் எடுத்துட்டேன் மாமா."

மேல்வீட்டுத் தையல்காரர் கடைசி நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இவருக்குப் பின்னாடி நின்னு இவர மாதிரியே பேசிக் காட்டுனீங்களாமே, அது எங்க? கேமராவுல பொடிசாத் தெரியுது, பெருசாப் பாத்துச் சிரிக்கணும்னுதான இவரு எங்க எல்லாரையும் வரச்சொன்னாரு."