கோணித்திரைக்குப் பின்னால் ஒரு முதலாளி

பம்பாய் மாநகரம் எத்தனையோ முதலாளிகளைக் கண்டதுண்டு. ஆயினும் தீபாவளிக்குத் தம்மிடமே விடுப்புக் கேட்டு, அது மறுக்கப்பட்டு, மனம் வெதும்பி வேலைக்குத் திரும்பியவர் ஒருவரே. தாராவியில் தகரப் பெட்டி செய்துவந்த அவரை நாங்கள் ‘முதலாளி’ என்றே அழைத்தோம். அவரிடம் வேலையாள் எவரும் கிடையாது.

கடையின் பின்புறம் ஒரு கோணித்திரை தொங்கும். எவரேனும் விலையைக் குறைக்கச் சொன்னால், “நான் வேலைக்காரன்வே. முதலாளிட்ட கேட்டுட்டு வாரேன்” என்று திரைக்குள் நுழைவார். உள்ளே இரு குரல்கள் எழும்.

“பாவம், கல்யாணப் பெட்டியாம், முதலாளி.”

“உமக்கு எல்லாரும் பாவந்தான். தகரம் என்ன ஆகாசத்துல இருந்தா விழுது?”

வெளியே வந்து, “கொஞ்சம் கொறைச்சுக்கிடச் சொல்லுதாரு. சிடுமூஞ்சி, ஆனா நல்ல மனுசன்” என்பார். ஒருமுறை மராத்திய அம்மையார் ஒருவர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டார்; உள்ளே இவரைத் தவிர எவரும் இல்லை. இவரோ சற்றும் கலங்காமல், “சேட் கானா கானே கயா” என்றார். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறாராம்!

யுத்தம் வந்தது. தெருவே ராணுவக் கிடங்குகளில் வேலைக்கமர்ந்தது. சரக்குப் பெட்டிகளுக்கு ஆணியடிக்கும் பணி எனக்கு வாய்த்தது.

“நீங்களும் வாங்க அண்ணாச்சி. மாசம் பொறந்தா சம்பளம்” என்றேன்.

“மில்லுல இருந்தவந்தாம்வே நான். அம்மைக்கு முடியலன்னு லீவு கேட்டேன். முதலாளிட்ட கேக்கணும்னான் மேஸ்திரி. அந்த முதலாளி எங்க இருக்காருன்னு ஒருத்தனுக்கும் தெரியல. பதில் வாரதுக்குள்ள அம்மை போய்ட்டா. இப்ப என் முதலாளி கூப்பிடு தூரத்துல இருக்காரு.”

யுத்தம் முடிந்ததும் கிடங்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். பல பட்டறைகளிலும் கைவிரித்துவிட்ட பின்னர், அவரிடம் சென்று வேலை கேட்டேன். அவர் திரைக்குள் போனார். அன்று வாக்குவாதம் நீண்டது.

“ஆணி அடிச்ச பய. தகரம் வளையுமா அவன் கைக்கு?”

“பழகிக்கிடுவான், முதலாளி.”

“ஆள் வச்சா, ஒருநாள் நானும் லீவு இல்லன்னு சொல்ல வேண்டிவரும். என்னால ஆவாது.”

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வேலைக்கு ஆள் வைக்க மாட்டாராம்.”

நான் படியிறங்கினேன்.

“எங்கவே போறீரு? கூட இன்னொரு முதலாளி வேணும்னா வச்சிக்கிடலாம்ங்காரு. திரை ரெண்டு பேருக்குக் காணும்.”

என் மகன் பம்பாயிலேயே பிறந்தான்.

இன்று அவர் இல்லை. அந்தப் பட்டறை என் பொறுப்பில் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கோணித்திரையை மட்டும் நான் கழற்றவில்லை. எவரேனும் விடுப்புக் கேட்டால், அதன் பின்னே சென்று அவரைக் கேட்டுவிட்டு வருகிறேன். தமக்கு மறுத்த அந்த மனிதர், பிறருக்கு இதுவரை மறுத்ததே இல்லை.