ஃப்ரீசர் பாக்ஸ் கடைக்கு வந்த முன்னேற்றம்

ஓசூர்

அன்புள்ள பார்வதி அக்காவுக்கு, தம்பி கந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கடையும் இந்த நிமிடம் வரை நலம். ஊத்தங்கரையில் உங்களுக்கும் மாமாவுக்கும் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். போனில் சொன்னால் உங்கள் மகன் காதில் விழும். கௌதம் என் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நான் வேலை செய்வதைக் கவனித்துக்கொண்டிருக்கிறான். அது ஒரு முறையாம்.

"கம்பெனி வேலையை விட்டுட்டான், உன் தொழிலையாவது முன்னேத்தட்டும்" என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன், தலைமைப் பண்புக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவன் என்று நானும் பூரித்துப்போனேன். ஆனால் நான் விடுவது சாவு வீட்டுக்கு வாடகை ஃப்ரீசர் பாக்ஸ். இந்தத் தொழில் முன்னேறினால் ஊருக்கு என்ன ஆகும் என்று நாம் இருவரும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

முதலில் தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டு, நாற்காலிக்கு ஒரு இடம், பந்தல் துணிக்கு ஒரு இடம் என்று பிரித்தான். அதில் குறை சொல்ல மாட்டேன், காணாமல் போன சுத்தியல் கிடைத்தது. அடுத்து காலைக் கூட்டம். கடை வாசலில் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டி, "நேற்றைவிட இன்று அதிகம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ரோட்டில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தபடி வேகமாக நடந்தார்கள். போதாததற்கு, "இம்மாத இலக்கு: சென்ற மாதத்தைவிட இரு மடங்கு" என்று பலகை எழுதித் தெருப்பக்கம் மாட்டிவிட்டான். எதிர் வீட்டு ராஜலட்சுமி வந்து, "அண்ணா, எங்க மாமியாரு இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்காங்க. உங்க போர்டைப் படிச்சுட்டு கஞ்சியே குடிக்க மாட்டேங்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பலகையைக் கழற்றடா என்றால், "மாமா, இலக்கை மறைச்சு வைக்கக் கூடாது, டீமுக்கு நம்பிக்கை போயிரும்" என்கிறான். டீம் என்பது நானும் வண்டி ஓட்டும் தௌசிப்பும்.

பிறகு தாமதத்தைக் குறைக்கப் போனான். கூப்பிட்ட பின் கிளம்புவதால்தான் நேரம் வீணாகிறதாம். தௌசிப்பை அழைத்து, வயதானவர்கள் படுத்திருக்கும் தெருவாகப் பார்த்து வண்டியை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னான். அன்று சாயங்காலமே தௌசிப் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "பாய்லர் மாதிரி கொதிக்கிறாங்கண்ணா. ஒரு தாத்தா மாடியில இருந்து செருப்பை எறிஞ்சாரு. குறி சரியா இருந்துச்சு, இன்னும் நாளாகும்னு தோணுது" என்றான். அதற்கும் கௌதம் கலங்கவில்லை. தலைவன் களத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லி, கடைக்கென்று அவன் அச்சடித்த சட்டை ஒன்றை எனக்கு மாட்டி பாகலூர் பக்கம் ஒரு சாவு வீட்டுக்கு அனுப்பினான். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மாலையைப் போட்டுக் கும்பிட்டுத் திரும்பியபோது பின்னால் இருந்த ஒருவர் வாய்விட்டுப் படித்தார்: "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் லட்சியம்." அங்கிருந்து சுவரோடு சுவராக, முதுகைக் காட்டாமல் வெளியே வந்தேன் அக்கா.

இதெல்லாம்கூடப் போகட்டும். இன்று காலை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் கருத்து கேட்கிறேன் என்று ஜவளகிரி ராமப்பனுக்குப் போன் போட்டிருக்கிறான். பாவம், போன மாதம்தான் மனைவியைப் பறிகொடுத்த மனுஷன். நான் டீ குடித்துவிட்டு உள்ளே வரும்போது, "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருந்துச்சுங்களா சார்? மறுபடியும் எங்களையே கூப்பிடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பாய்ந்து பிடுங்கினேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். ஆட்களோடு வருவாரா, போலீஸோடு வருவாரா என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்க்கிறேன். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர் இது. தயவுசெய்து மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லிப் பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் மாமாவும் என் தொழிலின் தேவையே இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு, பயந்துபோன தம்பி
கந்தன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ராமப்பனே வந்துவிட்டார், தனியாக. நான் எழுந்து கையைக் கூப்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "போன் பண்ண ஹுடுகன் யாரு?" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் பையனை விசாரித்து, கௌதம் எதிரே உட்கார்ந்தார். "காரியத்துக்கு ஊரே வந்துச்சு. சாப்பாடு பத்துச்சா, பந்தல் பத்துச்சான்னு கேட்டாங்க. உனக்குக் கஷ்டமா இருக்குதான்னு நீ ஒருத்தன்தாப்பா கேட்டே. எனக்குப் பேச்சு வரல, வச்சுட்டேன். இப்ப சொல்றேன்" என்று ஆரம்பித்தவர் மத்தியானம் வரை பேசினார். கௌதம் பேனாவைத் தொடவே இல்லை. அவர் போன பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று பின்பக்கம் போனவன் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

ஆகவே அவனைக் கூப்பிட வேண்டாம் அக்கா, இங்கேயே இருக்கட்டும். நானும் சற்று முன், முன்பு பாக்ஸ் விட்ட ஒரு வீட்டுக்குப் போன் போட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் "சாப்பிட்டீங்களாம்மா" என்றேன். அந்தம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், போனைக் காதில் வைத்தபடிதான் இதை எழுதுகிறேன். ஒரு போன் காலுக்கு இவ்வளவு நேரம் ஆகக் கூடாது என்று எதிரே நின்று கடிகாரத்தைக் காட்டுகிறான் உங்கள் மகன். கையாலேயே வெளியே போடா என்று சொல்லிவிட்டேன்.