அறுக்க மனம் வராத பலகை

பிளைவுட் பித்தர் என்றொரு இனம் உண்டு. வீட்டின் பின்னறையில் நாலு உளி, ஒரு ரம்பம், ஒரு சுத்தியல் வைத்துக்கொண்டு அதற்குப் பட்டறை என்று பெயரும் வைத்திருப்பாரே, அவரேதான்.

கடைக்குள் நுழைந்ததும் பலகையை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், ஓரத்தில் அடுக்குகளை எண்ணுவார், முகர்ந்து பார்ப்பார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணல் பார்ப்பார், கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேலேயே ஏறி நின்று குதிப்பார். குதிக்காமல் வாங்கினால் தூக்கம் வருமா?

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மகளுக்கு எழுதும் மேசை செய்யக் கிளம்பினார். நானும் கூடப் போய் மாட்டிக்கொண்டேன்.

"மேசைக்குப் பன்னெண்டு எம்எம் போதும் சார்," என்றார் கடைக்காரர்.

"பத்தொன்பது கொடுங்க. தண்ணில ஊறாத ரகமா."

"பொண்ணு தண்ணிக்குள்ள உக்காந்தா எழுதப்போகுது?"

பலகை வந்தது. அளந்தார், கோடு போட்டார், ரம்பத்தை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு அருமையான பலகையை அறுப்பதா? சுவரில் சாய்த்து, போர்வை போர்த்திவிட்டு வந்துவிட்டார். இப்படி நிற்பது இதோடு மூன்றாவது பலகை. மகளோ தரையில் குப்புறப் படுத்துப் படிக்கிறாள்.

"அப்பா, முழங்கையெல்லாம் தேஞ்சு போச்சு. திங்கக்கிழமை பரீட்சை."

"அவசரப்பட்டா பலகை வீணாயிடும்மா."

"பொண்ணு வீணானா பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி வந்தார். போர்வையை உருவினார். ரம்பத்தை எடுத்தார். முதல் இழுப்பிலேயே மனிதர், தன்னையே அறுப்பதுபோல், விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெட்டு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் மாலைக்குள் மேசை நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியதைப் பார்த்து எனக்கே மனசு நிறைந்துவிட்டது. நம்மவர் மட்டும் மிஞ்சிய துண்டைத் துடைத்துக் கட்டிலுக்கடியில் பத்திரப்படுத்தினார்.

"நல்ல துண்டு சார். எதுக்காவது ஆகும்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் அலமாரியின் மேல்தட்டில், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, பூப்போட்ட பீங்கான் தட்டுகள்? போன வாரம் நான்தான் வந்திருந்தேனே. எனக்கு மட்டும் ஏன் விளிம்பு உடைந்த தட்டு?