விக்குக்குப் போட்ட ஜி.எஸ்.டி. நம்பர்

கடைக்காரன் பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் மறந்தாலும் கடையின் ஜி.எஸ்.டி. நம்பர் மறக்காது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பெயிண்ட் கடை. கடைக்கு ஆன்லைனில் ஒரு பிரஷ் வாங்கினாலும் அந்த நம்பரைப் போட்டுத்தான் வாங்குவோம். அப்போதுதான் அதற்குக் கொடுத்த வரியை, கடை கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கதோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

இருபத்தெட்டு வயதிலேயே எனக்கு முன்மண்டை காலி. நாலு இடத்தில் பெண் கேட்டோம். நாலு பேரும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஐந்தாவதாகக் காரியாபட்டிச் சம்பந்தம் வந்தது. இதையும் விட்டால் சந்நியாசம்தான் என்று பயந்து, ரகசியமாக ஆன்லைனில் ஒரு விக் வாங்கினேன். பணம் கட்டும் இடத்தில் ஜி.எஸ்.டி. நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. கை தானாக அடித்துவிட்டது. (திருட்டு வேலையிலும் வரியை மிச்சம் பிடித்த மகாபுத்திசாலி!) மதுரையில் வைத்தியம் பார்த்து முடி வளர்ந்ததாக வீட்டில் அளந்துவிட்டேன். அப்பாவும் நம்பினார்.

அடுத்த மாதம் பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கக் கடைக்கே வந்தார். நான் விக்கோடு கல்லாவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, எங்கள் வரிக்கணக்கைப் பார்ப்பவர் அப்பாவுக்குப் போன் செய்தார். நம்பர் போட்டு வாங்கிய பில்லெல்லாம் மாதாமாதம் அவர் கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, போன மாசக் கொள்முதல்ல ஒரு விக்கு இருக்கு. கடைச் சரக்கா?"

"விக்குன்னா?"

"தலையில மாட்டுற முடி. சொந்தத்துக்கு வாங்குனதுன்னா வரியக் கழிக்க முடியாது, அதான் கேட்டேன்."

அப்பா என் தலையைப் பார்த்தார். பெண்ணின் அப்பாவும் பார்த்தார். "சொந்தத்துக்குத்தான்" என்று சொல்லி, விக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். செத்த எலி மாதிரி கிடந்தது.

பெண்ணின் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எம் மகளுக்கு ஒரு காது கேக்காது. மெஷினு வச்சிருக்கா. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்."

அப்பா காப்பி வாங்கிவரச் சொன்னார். தையில் கல்யாணம். அந்தப் போன் வராவிட்டால் இரண்டு குடும்பமும் பொய்யில்தான் கைநனைத்துச் சம்பந்தம் செய்திருக்கும். கணக்குப் பார்த்தவருக்கு இன்றுவரை மனதார நன்றி சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பின் மனைவி ஆன்லைனில் புதுக் காது மெஷின் வாங்கினாள். பில்லில் வரி என்ற இடத்தில் சைபர். காது மெஷினுக்கு வரி கிடையாதாம். அன்றிலிருந்து வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் அவள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை:

"எங் காதுக்கு கவர்மெண்டே வரி வேணாம்னுட்டாக. இவுக வழுக்கைக்குத்தான் வரி."