கல்லீரல் சொன்ன சாட்சி

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நான் அறிவித்த அன்று என் மனைவி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. நான் விட்டது வீட்டில் பிடிப்பதை மட்டும்தான்.

அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எட்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிடிப்பேன். சட்டையில் வாடை ஒட்டாமலிருக்க மழைக்கோட்டு. பிடித்து முடித்ததும் புதினா மிட்டாய், அதன்மேல் ஏலக்காய், கைக்கு இரண்டு முறை சோப்பு. கொளுத்தும் வெயிலில் மழைக்கோட்டோடு மாடி ஏறும் என்னைப் பார்த்து, மறை கழன்றுவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். குடும்ப நிம்மதிக்காக ஒரு மனிதன் எவ்வளவோ தாங்குகிறான்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். கார் காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். இடிக்காத காரை இடித்துவிட்டார்கள் என்று வருகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என் வேலை. இருபது வருஷமாக அடுத்தவன் பொய்யைப் பிடித்தவனுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்லத் தெரியாதா என்ன? என் மனைவிக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. நாளெல்லாம் மாத்திரையோடு இருப்பவளுக்கு என் மாதிரி ஆளின் பொய் தெரிய நியாயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மாலை, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாருங்க. மூச்சிரைப்புக்கு மாத்திரை சாப்பிடுறவர். சிகரெட்டை விட்டுட்டாரு. அதே மாத்திரை, அதே அளவு. ஆனா இப்போ கை நடுங்குது, படபடன்னு வருது."

"நல்லது பண்ணதுக்குத் தண்டனையா?"

"அப்படியில்லைங்க. புகை உள்ள போய்க்கிட்டே இருந்தா, கல்லீரல் சில மருந்தை வேகவேகமா உடைச்சு வெளிய தள்ளிடும். புகை நின்னா வேகமும் குறைஞ்சிடும். மருந்து உள்ளயே தங்கிடும். டாக்டர் அளவைக் குறைச்சாரு. இனிமே சரியாயிடும்."

எல்லாருக்கும் இப்படித்தானா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். அது தப்பு. உடம்புக்கு உடம்பு மாறும் என்று ஆரம்பித்தாள். ஒரே சளி மாத்திரையில் ஒருத்தர் நாள் முழுக்கத் தூங்குவாராம், இன்னொருத்தர் கொட்டாவிகூட விடமாட்டாராம். பிறவியிலேயே சிலருக்குக் கல்லீரல் சுறுசுறுப்பு, சிலருக்கு நிதானம். வயது, சாப்பாடு, கூடச் சாப்பிடும் வேறு மருந்து, எல்லாம் அந்த வேகத்தை மாற்றுமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே உறிஞ்சினேன்.

"காப்பிக்கும் இதே கதைதான். சிகரெட்டை விட்டவங்களுக்கு அது ரொம்ப நேரம் உள்ள நிக்கும். தூக்கம் கெட்டுடும். நீங்க விட்டு ஒன்றரை மாசமாச்சு, நாலு டம்ளர் குடிக்கிறீங்க. தூக்கம் வருதா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறவன்.

"எங்க வருது? சும்மா கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"குறட்டை விடுறீங்களே?"

"அது பெருமூச்சு."

அவள் முகம் வாடிவிட்டது. பாவம், இத்தனை நாள் சொல்லாமல் தாங்கியிருக்கிறீர்களே என்றாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. செவ்வாய்க்கிழமை காலை கண்ணைக் கசக்கிச் சிவக்கவைத்துக்கொண்டு எழுந்தேன். புதன்கிழமை அவள் எதிரில் பதினோரு கொட்டாவி. வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உன் காப்பி உள்ளே போனாலே குதிரை ஓடுகிறது என்றேன். வெள்ளியும் சனியும் இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் அவள் பொறுமையாகக் கேட்டு, நெற்றியைப் பிடித்துவிட்டாள். காப்பியைக் குறைக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும், இந்த வாரம் காப்பி பிரமாதமாக இருக்கிறது, அதில் மட்டும் கைவைக்காதே என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். படிக்கச் சொன்னாள். கஃபீன் நீக்கிய காப்பித்தூள் என்று போட்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இதுதான் போடுறேன்" என்றாள். "சோதிக்கணும்னு இல்லைங்க. நீங்க தூங்கணுமேன்னு வாங்கினேன். தூக்கத்தைக் கெடுக்கிற சரக்கு இதுல இல்லாத மாதிரிதான். நீங்க என்னடான்னா நாளுக்கு நாள் மோசம்ங்கறீங்க."

"உடம்புக்கு உடம்பு மாறும்னு நீதானே சொன்னே?"

"மாறும். இல்லாத காப்பிக்குக் குதிரை ஓடுற உடம்பை நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் உங்க பெருமூச்சைக் கவனிச்சேன். சுவர் அதிருது. நல்லாத் தூங்குற மனுஷன் ஏன் தூங்கலைன்னு நடிக்கணும்? அசல் காப்பி நாலு டம்ளர் குடிச்சப்பவும் இப்படித்தானே தூங்கினீங்க. புகை நின்னிருந்தா அப்படித் தூங்கியிருக்க முடியாது. இப்போ சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

என் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து எத்தனையோ பேர் பொய் அகப்பட்டுத் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். அந்த முழி எப்படி இருக்குமென்று கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. எட்டு என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

"ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கிட்டு தினம் யாராவது மருந்து வாங்க வர்றாங்க" என்றாள். "ஒவ்வொருத்தர் முகத்துலயும் உங்க முகம் தெரியுதுங்க. நீங்க விட்டுட்டேன்னு சொன்னதுக்கப்புறம்தான் ஒன்றரை மாசமா அது தெரியாம இருந்துச்சு."

எழுந்துபோய் பையிலிருந்த சிகரெட் பெட்டி, தீப்பெட்டி, மிட்டாய், ஏலக்காய் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜையில் கொட்டினேன். மழைக்கோட்டையும் வைத்தேன். அது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வெயிலில் நான் மாடி ஏறியதை நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வாழ்க்கையில் அவளை அழவைத்துச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் முறை. அன்றைக்கு விட்டேன், நிஜமாக.

சும்மா சொல்லக்கூடாது, நரக வேதனை. பென்சில்களைக் கடித்தே பாதியாக்கினேன். ஒழுங்காக இடித்த காரைக்கூட இடிக்கவில்லை என்று எழுதி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒருநாள் பொட்டுத் தூக்கமில்லை. நெஞ்சில் உண்மையாகவே குதிரை. காலையில் துள்ளிக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன். என் கண்ணை இழுத்துப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"பத்து நாளா அசல் காப்பிதாங்க போடுறேன். எப்போ தூக்கம் கெடும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். இப்போதான் நெஜமா விட்டிருக்கீங்க."

என் கன்னத்தைத் தட்டினாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பெருமையாக அவள் என்னைப் பார்த்ததில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும் நேரம் இதுதான் என்று, நுரை பொங்க ஒரு டம்ளர் காப்பி கேட்டேன். மருந்தகத்தில் மருந்துச் சீட்டைப் படிக்கும் முகத்தோடு யோசித்தாள்.

அன்று முதல் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டே டம்ளர்.